கன்றுக் கணக்கும் காட்டுக் கணக்கும்

காட்டை வெட்டினால் வேறிடத்தில் மரம் நட்டு ஈடுகட்டிவிடலாம் என்று இந்த நாட்டில் அநேகமாக எல்லோரும் நம்புகிறார்கள். அமைச்சர் நம்புகிறார்; நான்குவழிச் சாலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் நம்புகிறார்; தலைவர் பிறந்தநாளன்று பள்ளி வளாகத்தில் கன்று நட்டுப் படம் பிடித்துக்கொள்பவரும் நம்புகிறார். கெட்ட எண்ணத்தில் பிறந்த நம்பிக்கை என்றால் அதை உடைப்பது எளிது. இது நல்லெண்ணத்தில் பிறந்தது. பசுமையின் எதிரிகளைவிட அதன் அன்பர்களே இதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வாதத்தை அவர்கள் சொல்வதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது இப்படிப் போகும். மனிதனுக்குத் தாவரங்களிடமிருந்து வேண்டியவை பிராணவாயு, நிழல், மழை, விறகு, கரியமிலவாயுவை உறிஞ்சும் வேலை. இவற்றை எந்த மரமும் தரும். வேகமாக வளர்வது வேகமாகத் தரும். புல்வெளியும் முட்புதரும் சேற்றுக் கோரையும் இவற்றில் எதையும் உருப்படியாகத் தருவதில்லை. ஆகவே அவை சும்மா கிடக்கும் நிலங்கள். அங்கே மரம் வைத்தால் லாபம்தான். 140 கோடிப் பேர் வாழும் நாட்டில், தானாக முளைத்ததற்கு நிலத்தை விட்டுவைப்பது வசதி படைத்தவர்களின் கனவு. தோட்டமாக வளர்த்த மரத்திலிருந்து காகிதமும் எரிபொருளும் கிடைத்தால் இயற்கைக் காட்டின் மீதுள்ள சுமையும் குறையும்.

கடைசி வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். மற்றவை தவறு.

1

மரம் வைத்தால் தண்ணீர் பெருகும் என்கிறவர்கள் யாராவது அதை அளந்து பார்த்ததுண்டா?

அளந்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் உதகமண்டலத்துக்குப் பக்கத்திலேயே, கிளென்மார்கனில். மண், நீர்ப் பாதுகாப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் உதகை மையம், அங்கே அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. இரண்டிலும் புல்வெளி, மடிப்புகளில் சோலை. சில ஆண்டுகள் இரண்டு ஓடைகளின் நீரையும் அளந்து ஒப்பிட்டுக்கொண்ட பின், 1972இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். சமவெளியில் தைல மரம் என்கிறோமே, அதன் மலை உறவு. இன்னொன்றைத் தொடவில்லை.

முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் வைத்த நீர்ப்பிடிப்பிலிருந்து வந்த மொத்த நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மழை ஓய்ந்த மாதங்களில் ஓடையில் கசிந்து வரும் நீரின் கணக்கு இன்னும் மோசம்: முதல் சுற்றில் பாதியாகவும், இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகவும் அதன் குறியீடு இறங்கியது. பெருமழை நாளின் வெள்ள உச்சத்தை அந்த மரங்கள் ஓரளவு தணித்தன என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலை நீரை நம்பியிருப்பவனுக்கு ஜூலையில் வரும் நீர் பெரிய கவலை இல்லை. மார்ச்சில் வருவதுதான் கவலை.

காரணம் விளங்காத மர்மம் ஒன்றும் இல்லை. மலைப் புல் உறைபனிக் காலத்தில் கருகி ஓய்ந்துவிடும். கோடையில் அது நீர் குடிப்பது சொற்பம். பெய்த மழை அதன் வேர்ப்பின்னலின் வழியே கீழிறங்கி, மண்ணிலும் சதுப்பிலும் தங்கி, மாதக்கணக்கில் கசிந்து ஓடையாகிறது. சோலை மரங்கள் குட்டையானவை, மெதுவாக வளர்பவை, அவசரமாகக் குடிக்கத் தெரியாதவை. கற்பூர மரமோ ஆண்டு முழுதும் பச்சை, வேர் ஆழம், பத்தாண்டில் வெட்டுக்கு வருமளவு வளர்ச்சி. அந்த வளர்ச்சிக்கான நீர் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது ஓடையிலிருந்துதான் வந்தது.

இதை ஒரு மலையூரின் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1932 முதல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கிறோம், குந்தாவில் எடுக்கிறோம். அந்தச் சுழலிகளைச் சுற்றிவிட்டு இறங்கும் நீர் மோயாற்றிலும் பவானியிலும் சேர்ந்து பவானிசாகருக்குப் போகிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால். ஈரோட்டில் மஞ்சள் போட்டுவிட்டுத் தண்ணீர் திறக்கும் தேதிக்குக் காத்திருப்பவர், மேலே புல்வெளி இருந்த சரிவுகளில் அரசாங்கமே பல பத்தாண்டுகள் கற்பூரமும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் நட்டுக்கொண்டிருந்ததை அறிந்திருக்க நியாயமில்லை. நட்டதன் நோக்கங்களில் ஒன்று சிறுமுகையில் இருந்த செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழ். ஆலை மூடிப் பல காலம் ஆயிற்று. மரங்கள் மலையில் நின்று இன்னும் குடித்துக்கொண்டிருக்கின்றன.

2

புல்வெளி என்பது காடாகத் தவறிய நிலமாம். ஆடு மாடு மேய்ந்து, தீ வைத்து, காடு அழிந்த இடத்தில் மிச்சமாம்.

இந்தக் கருத்துக்கு வயது ஏறத்தாழ இருநூறுதான். ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது 1819இல். வந்த ஆங்கிலேயர்களின் கண்ணுக்கு அந்தப் புல்மேடுகள் அழகாகத் தெரிந்தன, கூடவே வீணாகவும் தெரிந்தன. விறகுக்குக் கற்பூர மரம் வந்தது, தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை வந்தது. எந்த ஆதாரமும் இல்லாமல் அன்று சொன்னதை நாம் பாடப்புத்தகமாக்கிக்கொண்டோம்.

ஆதாரம் 1993இல் வந்தது. சூழலியலாளர் ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் நீலகிரிச் சதுப்புகளில் படிந்திருந்த மக்கிய தாவரப் படிவுகளைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்தார்கள். வெப்பமண்டலப் புற்கள் விட்டுச்செல்லும் கார்பனுக்கும் மரங்கள் விட்டுச்செல்லும் கார்பனுக்கும் வேறு வேறு கைரேகை உண்டு. சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த மலையில் புல் ஆண்டுகொண்டிருந்தது என்று படிவு காட்டியது. ஈரம் மிகுந்த காலங்களில் சோலை விரிந்தது. வறண்ட காலங்களில் சுருங்கியது. மாடு மேய்த்தவனும் தீ வைத்தவனும் வருவதற்கு முன்பே புல் அங்கே குடியிருந்தது. இன்றும் மார்கழி, தை இரவுகளில் திறந்த சரிவில் விழும் உறைபனி சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. அதனால்தான் சோலை மலைமடிப்புக்குள் ஒதுங்கி நிற்கிறது.

நாம் அந்த நிலத்தை என்ன செய்தோம்? பழனி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வின்படி, அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் போய்விட்டது. பெரும்பகுதியை விழுங்கியது மரத்தோட்டம்; மீதியை விவசாயம். ஒரு காட்டில் மூன்றில் இரண்டு பங்கை யாராவது வெட்டியிருந்தால் போராட்டம் நடந்திருக்கும். இங்கே அழித்தது மரம் என்பதால் யாரும் அழிவென்றே எண்ணவில்லை.

வரையாடு நம் மாநில விலங்கு. அதைக் காக்கத் தமிழக அரசு 2023இல் தனித் திட்டமே தொடங்கியது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். வரையாடு மேய்வது புல். அதற்கு முந்தைய ஆண்டுதான் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியிருந்தது. ஒரு கோப்பு புல்லைக் காக்கச் சொல்கிறது. இன்னொன்று மரச் சதவீதத்தைக் கூட்டச் சொல்கிறது. புல்வெளி இந்த இரண்டாவது கோப்பில் பூஜ்யம். அது அழிந்தாலும் சதவீதம் இறங்காது. அதன்மீது மரம் வந்தால் ஏறும்.

தோடர்களின் எருமை மேய்ந்ததும் அந்தப் புல்வெளியில்தான். அவர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வது அந்த மலையின் சதுப்போரங்களுக்கே உரிய ஒருவகைப் புல்லால். சதுப்பு வற்றினால் அந்தக் கூரைக்கு வேறு எங்கே போவது என்பதற்கு எந்த மரம் நடு விழாவிலும் பதில் கிடையாது.

இங்கே எதிர்ப்பக்கத்து அவசரக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாச் சீகையையும் நாளைக்கே வெட்டு என்று கிளம்புவது இன்னொரு குருட்டுத்தனம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெயிலைத் திறந்துவிட்டால் அத்தனையும் முளைக்கும். கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகளே முளைத்து வருவதையும் பார்க்க முடிகிறது. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதைச் சரிவு சரிவாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எதையும் பார்க்காமல் மொத்தமாக நட்டது போலவே மொத்தமாக வெட்டுவதும் நிர்வாகத்துக்கு வசதியான வேலை, அவ்வளவுதான்.

3

தேவையான செடி எது, தேவையில்லாத செடி எது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவர் யார்?

1970களில் ஆசிய நெல் வயல்களில் புகையான் என்ற பூச்சி பரப்பிய ஒரு வைரஸ் நோய், பயிரைக் குட்டையாக்கிக் கதிர் வராமல் செய்துகொண்டிருந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் சேமிப்பிலிருந்த ஆயிரக்கணக்கான நெல் வகைகளைச் சோதித்தது. எதற்கும் எதிர்ப்பு இல்லை. கடைசியில் எதிர்த்து நின்றது ஒரேயொரு காட்டு நெல். அதற்கு முந்தைய பத்தாண்டில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த விதை. நம் கண்ணில் பட்டிருந்தால் புல் என்று பிடுங்கிப் போட்டிருப்போம். குர்தேவ் குஷ் தலைமையிலான குழு அதன் எதிர்ப்புக் குணத்தைப் பயிர் நெல்லுக்கு மாற்றியது. 1976இல் வெளிவந்த ஐ.ஆர்.36 அந்த வழியில் வந்த ரகம்தான். அக்காலத்தில் உலகிலேயே அதிகப் பரப்பில் பயிரான நெல் அது. நம் தகப்பன்மார் பலர் அதை விதைத்தவர்கள். அவர்கள் வீட்டுச் சோற்றில் யாரும் நடாத, யாரும் நீர் பாய்ச்சாத ஒரு காட்டுப் புல் இருந்தது.

தானாக வளர்வதன் பயன் இதுதான்: நாம் கேட்காத கேள்விக்கும் அது பதில் வைத்திருக்கும். தோட்டத்தில் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வளரும். ஏரிக்கரையைக் கான்கிரீட்டால் மூடியபோது, வேலியோரப் பற்றையைக் களைக்கொல்லியால் எரித்தபோது எது போயிற்று என்பதற்கு நம்மிடம் பட்டியல்கூட இல்லை.

மகரந்தச் சேர்க்கையும் இதே கதைதான். கோஸ்டாரிகாவின் காபித் தோட்டம் ஒன்றில் செய்து 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இயற்கைக் காட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடியிருந்தது. காட்டிலிருந்து வந்த தேனீக்கள் செய்த வேலை. காபி பூக்கும் சில நாள்களுக்கு மட்டும் தேனீயை வாடகைக்குப் பிடிக்கலாம். மீதி நாள்களில் அதற்கு மாதத்துக்கு ஒரு பூவாவது பூக்கும் புதர் வேண்டும். ஒரே நாளில் நட்டு ஒரே மாதத்தில் பூக்கும் ஒற்றை மரத்தோப்பு அதற்குப் பட்டினிக்கூடம்.

4

எதை எண்ணுகிறோம் என்று யாரும் ஏன் கேட்பதில்லை?

இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் ஒரு ஹெக்டேருக்குமேல் பரப்பும் 10 சதவீதத்துக்குமேல் மரக்கவிகையும் உள்ள எந்த நிலத்தையும் வனப்பரப்பு என்று கணக்கில் சேர்க்கிறது. நிலம் யாருடையது, மரம் என்ன இனம் என்பதைப் பற்றிக் கேள்வி இல்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் வனப்பரப்புத்தான், களக்காட்டுப் பசுமைமாறாக் காடும் வனப்பரப்புத்தான். 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டின் வனப்பரப்பு 21.76 சதவீதம், மரப்பரப்பையும் சேர்த்தால் 25.17. இந்த எண் ஒவ்வொரு அறிக்கைக்கும் சிறிது ஏறும்போது செய்தித்தாள்களில் மகிழ்ச்சி தெரிவிக்கிறோம். ஏறியது காடா, தோப்பா என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

எண்ணில் பிரிவில்லை என்றால் சட்டத்திலும் பிரிவில்லாமல் போகிறது. வன நிலத்தை வேறு பயனுக்கு எடுத்தால் ஈடாக வேறிடத்தில் மரம் நட வேண்டும் என்பது விதி. அதற்கான நிதியைக் கையாள 2016இல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்த விதி எந்த எல்லைவரை நீளும் என்பதற்குப் பெரிய நிக்கோபார் சாட்சி. அங்கே துறைமுகம், விமான நிலையம், நகரம் ஆகியவற்றுக்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் வெப்பமண்டல மழைக்காடு கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. ஈடாக மரம் நடத் தேர்ந்தெடுத்த மாநிலம் ஹரியானா. வங்கக் கடலும் அந்தமான் கடலும் சூழ்ந்த, ஷோம்பென் பழங்குடி மக்கள் வாழும் ஒரு தீவின் காட்டுக்கு, தில்லிக்குப் பக்கத்திலிருக்கும் வறண்ட நிலத்தில் பதில் கிடைக்கும் என்று ஒரு கோப்பு சொல்கிறது; அதற்குக் கையெழுத்தும் கிடைக்கிறது.

இதைச் சிலர் ஊழல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பச்சை எல்லாம் ஒன்றே என்று ஒப்புக்கொண்ட ஒருவர், நாணயமாக நடந்தாலே, வந்து சேரும் இடம் இதுதான். ஹெக்டேருக்கு ஹெக்டேர் கொடுத்தாயிற்று. ஷோம்பென் ஒருவர் ஹரியானாவுக்குப் போய்த் தேன் எடுக்க முடியுமா என்பது படிவத்தில் இல்லாத கேள்வி.

5

மரம் இல்லாத இடத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று யார் சொன்னது?

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் சவுக்கு நடும் வேலை மும்முரமாக நடந்தது. சவுக்குத் தோப்பும் அலையாத்திக் காடும் சில இடங்களில் அலையின் வேகத்தைத் தாங்கின என்று கடலூர்ப் பக்கம் செய்த ஆய்வு சொன்னதையே அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பிச்சாவரத்தில் அலையாத்தி நிற்பது கழிமுகச் சேற்றில். திறந்த மணற்கரைக்கு இயற்கை வைத்த காவல் வேறு: அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்த மணல்மேடு. அந்தக் கொடியும் புல்லும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. கடல் அரித்தால் மீண்டும் படர்ந்து மீண்டும் மேடாக்குகின்றன. பல ஊர்களில் அந்த மேட்டைச் சமன் செய்துதான் சவுக்கு வைத்தார்கள். பங்குனி ஆமை முட்டையிடத் திறந்த மணல் தேவை. அலைவிளிம்புவரை தோப்பு வந்த இடங்களில் அதற்கும் இடமில்லை. காவலனை விரட்டிவிட்டுக் காவலுக்கு வேறொருவனை அமர்த்திய கதை.

பள்ளிக்கரணையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கோரையும் நாணலும் நிற்கும் சேறு. பார்த்தால் உருப்படாத இடம். குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், அலுவலகம் கட்டினோம். தென்சென்னையின் மழைநீர் போய்த் தங்கும் தாழ்நிலம் அது என்பதை 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது தெரிந்துகொண்டோம். 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்திருக்கிறது, அதுவும் எஞ்சிய துண்டுக்கு.

6

வசதி படைத்தவர்களின் கனவாம்! இந்தக் குற்றச்சாட்டுத்தான் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. தானாக வளரும் நிலத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருநாள் எந்த ஊர்ப் புறம்போக்கிலாவது நின்று பார்த்தால் போதும்.

ஆட்டுக்கிடையோடு இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து மாவட்டம் மாவட்டமாக நடக்கும் கீதாரிக்குச் சொந்த நிலம் இருக்காது. அறுவடை முடிந்த வயலும் மேய்க்கால் புறம்போக்கும் கண்மாய்க்கரையும்தான் அவருடைய மூலதனம். மழை பெய்த மறுவாரம் வேலியில் முசுமுசுக்கையும் முடக்கத்தானும் தூதுவளையும் பறிக்கும் பாட்டி அவற்றுக்குக் காசு கொடுப்பதில்லை. ஆவாரம்பூ, சூரைப்பழம், காரைப்பழம், துடைப்பத்துக்குச் சீமாற்றுப் புல், பந்தலுக்குக் கொம்பு என்று கூலி வேலை இல்லாத நாளில் கைக்கு வருவதெல்லாம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் ‘தரிசு’ என்று எழுதிய நிலத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு ஆலைக்கான மரம் வைத்தால் லாபம் யாருக்குப் போகிறது, நஷ்டம் யாருக்குப் போகிறது என்பதை விளக்கப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம்.

உடனே சீமைக்கருவேலத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஏழைக்கு விறகு தந்தது அந்நிய மரமா, உங்கள் இயற்கைத் தாவரமா? நியாயமான கேள்வி. வறண்ட மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அந்த வருமானத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த மரம் அங்கே எதன்மேல் வளர்ந்தது? மாடு தின்ற நெற்றிலிருந்து விதை சாணத்தோடு விழுந்து, கண்மாய் உள்வாயிலும் வரத்துக்கால்களிலும் மேய்ச்சல் நிலத்திலும் பரவியது. கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளிக்குள்ளும் நுழைந்தது. விறகு கூடியது, புல் குறைந்தது. கரி விற்றவர் பிழைத்தார், ஆடு வைத்திருந்தவர் இன்னும் தூரம் நடந்தார். கடைசியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவு போட, மாவட்டம் தோறும் பொக்லைன் ஓடியது. வேரோடு எடுக்காத இடங்களில் அடுத்த மழைக்கே தழைத்தது. வந்தபோது இலவசமாக வந்த மரத்தைப் போகச் சொல்ல அரசு கொடுக்கும் விலைக்கு முடிவே தெரியவில்லை. 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட வேண்டியிருந்தது. சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, சீகை என்று எதை எடுத்தாலும், யாரோ ஒருகாலத்தில் பயன் கருதிக் கொண்டுவந்தவைதாம் அவை.

7

கார்பன் என்ற ஒரு சொல்லால் இத்தனைக்கும் பதில் சொல்லிவிடலாம் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள்.

2019இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது: உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரங்களுக்கு இடமிருக்கிறது, அவை முதிர்ந்தால் 205 பில்லியன் டன் கார்பனைச் சேர்த்துவைக்கும் என்று. கோடிக்கணக்கில் மரம் நடும் இயக்கங்களுக்கு அது வேதமாயிற்று. அதே ஆண்டு அதே இதழில் சூழலியலாளர்கள் பலர் சேர்ந்து மறுத்தார்கள்: புல்வெளிகளையும் சவன்னாக்களையும் காலி நிலமாகக் கருதியதாலும், அந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கார்பனைக் கணக்கிலிருந்து விட்டதாலும் எண் ஐந்து மடங்கு வரை ஊதியிருக்கிறது என்று. அடுத்த ஆண்டு மூல ஆசிரியர்களே திருத்தம் வெளியிட்டார்கள். திருத்தத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பேனர்களில் பழைய எண்தான்.

புல்வெளியின் கார்பன் பெரும்பகுதி மண்ணுக்குள், வேரில் இருக்கிறது. மேலே தீ போனால் கருகுவது இலை, அடுத்த மழைக்குத் திரும்பி வரும். தைலத் தோப்பின் கார்பன் தரைக்கு மேலே, எண்ணெய் நிறைந்த இலையிலும் தண்டிலும் நிற்கிறது. தீ வந்தால் போயிற்று. தீ வராவிட்டாலும் பத்தாண்டில் வெட்டுகிறோம். காகிதமாகி, குப்பையாகி, மறுபடி காற்றுக்கே போகிறது.

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். தோட்ட மரம் காட்டின் சுமையைக் குறைக்குமா? குறைக்கும், தோட்டம் பழைய விளைநிலத்தில் இருந்தால். கரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கிணறு வற்றிய தன் வயலில் சவுக்கோ தைலமோ போட்டுக் காகித ஆலைக்கு விற்றால் எனக்கு மறுப்பில்லை; அது பயிர், அதைப் பயிர் என்று எண்ணுங்கள். அதே மரத்தை மலைப் புல்வெளியில் வைத்துவிட்டுக் காட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்றால், எந்தச் சுமையை எதிலிருந்து இறக்கினோம்? இறக்கியது போலக் காட்டி ஏற்றியிருக்கிறோம்.

மரம் நடவே கூடாதா என்று கேட்பவருக்கும் பதில் இருக்கிறது. தெருவில் நடுங்கள், புங்கனும் வேம்பும் பூவரசும் நட்டால் பேருந்துக்குக் காத்திருப்பவர் வாழ்த்துவார். வரப்பில் நடுங்கள். வெட்டிய சாலையோரப் புளியமரங்களுக்குப் பதிலாகவாவது நடுங்கள். ‘மியாவாக்கி காடு’ போடுகிறோம் என்கிறவர்கள் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி எங்கிருந்து தொடங்கினார் என்று ஒருமுறை பார்க்கட்டும். ஜப்பானில் கோயில்களைச் சுற்றி மிஞ்சியிருந்த பழங்காடுகளைத் தேடிப் போய், இந்த மண்ணில் மனிதன் கைவைக்காவிட்டால் எது வளரும் என்று முதலில் பட்டியல் எடுத்தார். நெருக்கி நடுவது பிறகு வந்தது. நமக்கும் அப்படிப்பட்ட பட்டியல் எடுக்க இடமிருக்கிறது. மரக்காணத்துக்கு அருகே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டில் வீரையும் பாலையும் காசாவும் இன்னும் நிற்கின்றன. சோழமண்டலக் கரையில் வறண்ட பசுமைமாறாக் காடு என்றால் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு மிஞ்சிய சில துண்டுகளில் அது ஒன்று. மாநகராட்சிப் பூங்காவில் மூன்றடிக்கு ஒரு கன்று நெருக்கி நட்டு, அதில் பாதி எந்த நாட்டு மரம் என்றே தெரியாமல், மியாவாக்கி பெயரில் பலகை வைப்பவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இடைவெளி அளவை மட்டும்தான்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்களும் இல்லை. வனப்பரப்பு அறிக்கையில் இயற்கைக் காடு, தோப்பு என்று இரண்டு பத்தியாகப் பிரிக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தோடு களப்பணியையும் சேர்த்தால் முடியாத வேலை அன்று. புல்வெளி, முட்புதர்க்காடு, மணல்மேடு, சதுப்பு நான்கையும் வருவாய்ப் பதிவேட்டில் அவற்றின் பெயரிலேயே எழுத வேண்டும். ஒரு தீவின் காட்டுக்கு இன்னொரு மாநிலத்தின் மண்ணை ஈடாகக் காட்டும் வழியை அடைக்க வேண்டும். 33 சதவீத இலக்கு இருந்துவிட்டுப் போகட்டும். புல்வெளியில் வைத்த எந்த மரமும் அதில் சேராது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இந்தத் திருத்தங்களுக்கு எத்தனை ஆண்டு பிடிக்குமோ, அதுவரை மலைச்சரிவிலும் கடற்கரையிலும் மேய்க்கால் நிலத்திலும் குழி தோண்டுவதை நிறுத்தி வைக்கலாம். அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.